சுட்ட தோட்டாவின் பித்தளை உறைகள்: தேர்ந்தெடுப்பதும் பிரிப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் குறிச்சுடுதலிலும் வேட்டையிலும் இறங்கி, சுட்ட தோட்டாவை வீட்டிலேயே மறுபடி நிரப்பத் தொடங்குகிற தமிழர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களின் தொகுப்பு இது. எந்த வெடிமருந்து, எத்தனை கிரெய்ன் (மருந்தை நிறுக்கும் சிறிய எடை அளவு) என்ற பேச்சே இங்கே இல்லை. அதற்கு அச்சிட்ட கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். யார் வாய்மொழியாகச் சொன்னாலும், இணையத்தில் எங்கே படித்தாலும் நம்பக் கூடாது. இங்கே பேசுவது பித்தளையைப் பற்றி மட்டும்.

தோட்டான்னா குண்டுதானே? இதுல பித்தளைக்கு என்ன வேலை?

தோட்டா நான்கு பொருள் சேர்ந்தது: முன்னால் பறக்கும் குண்டு, உள்ளே எரியும் மருந்து, அடியில் தீப்பொறி கொடுக்கும் பிரைமர், இவை மூன்றையும் தாங்கிப் பிடிக்கும் உறை. ஒருமுறை சுட்டால் குண்டும் மருந்தும் போய்விடும், தீர்ந்த பிரைமர் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். மறுபடி பயன்படும்படி மிஞ்சுவது உறை மட்டும்தான். மறுநிரப்பலின் சிக்கனமே அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது.

உறைப் பித்தளை என்பது 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். சுடும்போது உறை விரிந்து சேம்பரின் (துப்பாக்கிக் குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்னால் வராமல் அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கி வெளியே வர இடம் கொடுக்கிறது. இந்த விரிந்து சுருங்கும் குணம் தீர்ந்துபோனால் அந்த உறையின் ஆயுள் முடிந்தது. பிரிப்பது என்பதே, எந்த உறைக்கு இந்தக் குணம் இன்னும் இருக்கிறது, எதற்கு இல்லை என்று கண்டுபிடிக்கும் வேலைதான்.

இதெல்லாம் வீட்டுல செய்யலாமா? சட்டம் என்ன சொல்லுது?

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்ப உரிமம் தேவையில்லை. நிரப்பியதை விற்பதைத் தொழிலாகச் செய்தால் தயாரிப்பாளர் உரிமம் கட்டாயம். மாநில, நகரச் சட்டங்களும், வாடகை வீட்டு ஒப்பந்தமும், தீயணைப்பு விதிகளும் வேறு மாதிரி இருக்கலாம். உங்கள் ஊரில் எப்படி என்று முதலில் பாருங்கள்.

இந்தியாவில் கதையே வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம், செய்து பார்க்கக் கூடாது.

புதுசா வாங்குறதா, ஒருமுறை சுட்டதை வாங்குறதா, சுட்டுப் பழகுற ரேஞ்சுல பொறுக்குறதா?

கைத்துப்பாக்கித் தோட்டா என்றால், நீங்களே புதுத் தோட்டா வாங்கிச் சுட்டு, உங்கள் உறையையே பொறுக்கி வைப்பதுதான் நல்ல தொடக்கம். அதன் பிறப்பு முதல் உங்களுக்குத் தெரியும். நூறு மீட்டருக்கு மேல் துல்லியம் தேடும் ரைஃபிள் என்றால், ஒரே தயாரிப்பாளரின் ஒரே தொகுதியில் நூறு புது உறை வாங்கினால் பின்னால் பாதி தலைவலி குறையும். பின்லாந்தின் லாப்புவா நிறுவன உறை விலை கூடுதல். மிஸ்ஸௌரியில் செய்யப்படும் ஸ்டார்லைன் நடுத்தர விலையில் நிற்கும்.

இனி வரும் எண்கள் தோட்டா வகைகளின் பெயர்கள்: 9 மி.மீ., .40, .45 கைத்துப்பாக்கிக்கு, .223, .308 ரைஃபிளுக்கு. எடைக்கணக்கில் வாங்குபவர்களுக்கு ஒரு கணக்கு: 9 மி.மீ. லூகர் உறை ஒன்று சுமார் 3.9 கிராம், அதனால் ஒரு பவுண்டுக்கு ஏறக்குறைய 115 உறை. .223 ரெமிங்டன் சுமார் 6 கிராம், பவுண்டுக்கு 75. இதைவிட ரொம்பக் குறைவாக எண்ணிக்கை வந்தால், ஈரமாகவோ மண்ணோடோ பழைய பிரைமரோடோ நிறுத்துத் தந்திருக்கிறார்கள் என்று பொருள்.

ரேஞ்சில் கீழே கிடப்பது எல்லாருக்கும் பொது என்று நினைக்க வேண்டாம். பல இடங்களில் வாளியில் போட்ட உறை ரேஞ்சுக்குச் சொந்தம். கேட்டுவிட்டு எடுங்கள்.

அடியில இருக்கிற எழுத்தெல்லாம் என்ன?

அதுதான் அடிமுத்திரை. வணிக உறையில் தயாரிப்பாளர் பெயரும் தோட்டாவின் பெயரும் இருக்கும்: வின் (வின்செஸ்டர்), எஃப்.சி. (ஃபெடரல்), ஆர்-பி (ரெமிங்டன்), ஹார்னடி என்று. ராணுவ உறையில் ஆலையின் குறியும் ஆண்டின் கடைசி இரண்டு எண்ணும் இருக்கும். எல்.சி. 19 என்றால் மிஸ்ஸௌரி மாநிலம் இண்டிபெண்டன்ஸ் அருகே 1941-ல் தொடங்கிய லேக் சிட்டி ராணுவ ஆலையில் 2019-ல் செய்தது. வட்டத்துக்குள் கூட்டல் குறி இருந்தால் நேட்டோ தரத்தில் செய்தது.

முத்திரை ஒரு அடையாளம்தான், தரச்சான்று அல்ல. ஒரே முத்திரையில் பத்து வருட இடைவெளியில் வந்த இரண்டு உறைக்குச் சுவர்த் தடிமனே மாறியிருக்கலாம்.

ஒரு வாளி நிறைய கலந்து கிடக்கு. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

கையுறை போட்டுக்கொண்டு, வெளிச்சமான மேசையில், ஒரு வெள்ளைத் துணி மேல் இருநூறு இருநூறாகக் கொட்டுங்கள். முதல் வேலை வகை பிரிப்பது அல்ல, ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் பார்ப்பது. சுடாத முழுத் தோட்டா, துப்பாக்கியின் சுத்தியல் பட்டும் வெடிக்காத தோட்டா, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்துகொண்ட உறை, கூழாங்கல், மண் எல்லாம் வாளியில் வரும். .45-க்குள் .40 நுழையும், .40-க்குள் 9 மி.மீ. நுழையும், 9 மி.மீ.க்குள் .22 நுழையும். இதைப் பார்க்காமல் பிரஸ்ஸில் (நெம்புகோலால் அழுத்தும் கருவி) வைத்தால் டை (உறையைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) அடைத்துக்கொள்ளும். வெடிக்காத தோட்டாவைத் தனி டப்பாவில் போட்டு ரேஞ்ச் அதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள். அதைப் பிரித்து உறையைக் காப்பாற்றப் பார்ப்பது வீண் ஆபத்து.

பிறகு காந்தம். இரும்பு உறை ஒட்டிக்கொள்ளும். மேலே பித்தளை முலாம் பூசிய இரும்பு உறையும் உண்டு, கண்ணை ஏமாற்றும், காந்தத்தை ஏமாற்றாது. அதற்குப் பிறகு சல்லடை. மூன்று துளை அளவில் பிளாஸ்டிக் தட்டுகள் விற்கிறார்கள், .45, .40, 9 மி.மீ. என்று அடுக்கடுக்காகத் தங்கும். கடைசியாகத்தான் முத்திரையைப் படிப்பது. இந்த வரிசையை மாற்றினால் ஒரே உறையை நாலு தடவை கையில் எடுக்க வேண்டி வரும்.

காந்தத்துல ஒட்டல, ஆனா வெள்ளையா இருக்கே?

இரண்டில் ஒன்று. அலுமினியம் என்றால் கையில் எடுத்ததுமே எடை தெரியும், ஊதினால் பறக்கும் போல இருக்கும், பளபளப்பு மங்கல். அது ஒருமுறைக்கு மட்டும், ஒதுக்கிவிடுங்கள். நிக்கல் முலாம் பூசிய பித்தளை என்றால் எடை பித்தளையாகவே இருக்கும், கண்ணாடி போல மின்னும். அதை நிரப்பலாம். ஆனால் வாய்ப்பகுதியில் சீக்கிரம் விரிசல் விழும், முலாம் உரிந்தால் டையின் உட்புறத்தில் கீறல் விழும். உரிந்த இடத்தில் மஞ்சள் தெரிந்தால் விட்டுவிடுவது நல்லது.

எல்லாம் 9 மி.மீ.ன்னுதான் நினைச்சேன், சிலது குட்டையா இருக்கே?

அவை .380 ஏ.சி.பி. அல்லது 9 மி.மீ. மக்காரோவ். சல்லடையில் மூன்றும் ஒரே தட்டில்தான் தங்கும். நீளம் பார்த்தால்தான் தெரியும்: .380 உறை 0.680 அங்குலம், மக்காரோவ் 0.713, லூகர் 0.754. தட்டையான மேசையில் வாய் மேலே இருக்கும்படி வரிசையாக நிறுத்தி, கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள். குட்டையானவை பள்ளமாகத் தெரியும். ஒவ்வொன்றாக அளப்பதைவிட இது வேகம்.

இதே போல .40-க்குள் 10 மி.மீ. ஆட்டோ ஒளிந்திருக்கும், அது 0.14 அங்குலம் நீளம் கூடுதல். .223-க்குள் .300 பிளாக்அவுட் கலக்கும். அது .223 உறையையே வெட்டிச் செய்யக்கூடியது என்பதால் அடியில் .223 முத்திரையே இருக்கலாம், ஆனால் நீளம் 1.368 அங்குலம்தான். இந்த ஒரு கலப்பு ரொம்பக் கவனம் வேண்டியது. .300 பிளாக்அவுட் தோட்டாவை .223 துப்பாக்கியில் போட்டுச் சுட்டுத் துப்பாக்கி சிதறிய நிகழ்வுகள் உண்டு. இரண்டையும் ஒரே மேசையில் ஒரே நாளில் வைக்கவே வேண்டாம்.

.45-ல சிலதுல பிரைமர் உள்ளே போகவே மாட்டேங்குது, ஏன்?

.45 ஏ.சி.பி. உறை இரண்டு விதமாக வருகிறது. பழைய வழக்கப்படி பெரிய பிரைமர், விட்டம் 0.210 அங்குலம். சில தயாரிப்புகளில் சிறிய பிரைமர், 0.175 அங்குலம். இரண்டும் வேலை செய்யும், ஆனால் கலந்தால் பெரிய பிரைமரைச் சிறிய குழியில் திணிக்கப் பார்ப்பீர்கள். நெம்புகோல் முரண்டு பிடித்தால் அங்கேயே நிறுத்துங்கள். பலம் போட்டு அழுத்தினால் பிரைமர் கையருகிலேயே வெடிக்கலாம்.

பிரிப்பது எளிது. அடியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொட்டு சிறியதா பெரியதா என்று தெரிந்துவிடும். .308-லும் போட்டிக்காரர்களுக்காகச் சிறிய பிரைமர் உறை உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

பழைய பிரைமரைத் தள்ளுற ஊசி வளைஞ்சுபோச்சு, என்ன தப்பு செஞ்சேன்?

அநேகமாக அது பெர்டான் உறை. பாக்ஸர் வகையில் அடியில் நட்டநடுவே ஒரே தீத்துளை. ஊசி அதன் வழியே இறங்கிப் பிரைமரைத் தள்ளும். பெர்டான் வகையில் நடுவே ஒரு முனை துருத்திக்கொண்டு, பக்கத்தில் இரண்டு சின்னத் துளைகள் இருக்கும். ஊசி நேராக அந்த முனையில் முட்டி வளையும். எட்வர்ட் பாக்ஸர் ஆங்கிலேயர், ஹைரம் பெர்டான் அமெரிக்கர், இருவரின் முறையும் 1866-ஐச் சேர்ந்தது. ஆனால் அமெரிக்கா பாக்ஸர் முறையையும் ஐரோப்பா பெரும்பாலும் பெர்டான் முறையையும் எடுத்துக்கொண்டன.

சின்ன டார்ச்சை வாய்க்குள் அடித்துப் பாருங்கள். ஒரு புள்ளி தெரிந்தால் நல்லது, இரண்டு தெரிந்தால் பழைய உலோகக் கூடையில் போடுங்கள். வளைந்த ஊசியை நிமிர்த்தாதீர்கள், மாற்றிவிடுங்கள். நிமிர்த்தியது அடுத்த முறை உறைக்குள்ளேயே முறியும்.

மிலிட்டரி உறைல புது பிரைமர் நசுங்குது. குழி சின்னதா?

குழி சரியான அளவுதான். அதன் விளிம்பை உட்புறமாக நசுக்கி வைத்திருக்கிறார்கள். தானியங்கித் துப்பாக்கியில் பிரைமர் கழன்று விழாமல் இருக்க ராணுவ ஆலைகள் இப்படிச் செய்கின்றன. அடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: பிரைமரைச் சுற்றி வட்டமாக ஒரு பள்ளக்கோடு அல்லது மூன்று நான்கு குத்துத் தழும்பு தெரியும். எல்.சி., டபிள்யூ.சி.சி., நேட்டோ குறி போட்ட 9 மி.மீ. எல்லாம் இந்தக் கூட்டம்.

பழைய பிரைமரை எடுத்தபின், அந்த நசுங்கிய உதட்டை ஒன்று சீவி எடுக்க வேண்டும், அல்லது உருளைக் கம்பியை அழுத்தி விரிக்க வேண்டும். சீவுவது மலிவு, வேகம்; ஆனால் கை கூடினால் குழியே அகன்றுவிடும். உதடு மறைந்து விளிம்பில் மெல்லிய பளபளப்பு வட்டம் தெரிந்ததும் நிறுத்த வேண்டும். ஒருமுறை செய்தால் அந்த உறைக்கு ஆயுள் முழுக்கப் போதும். அதனால் முடித்தவற்றைத் தனி டப்பாவில் குறித்து வையுங்கள்.

ஒரு தடவைதான் சுட்டதுன்னு விக்கிறவர் சொல்றார். எப்படி நம்புறது?

மேலே சொன்ன நசுங்கிய விளிம்பு அப்படியே, பிரைமரும் அப்படியே இருந்தால் நம்பலாம். ஆலையில் வைத்த பிரைமரை யாரும் எடுக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. விளிம்பு சீவப்பட்டிருந்தால் எத்தனை தடவை என்று யாராலும் சொல்ல முடியாது.

வணிக உறையில் வேறு தடயம் பார்க்க வேண்டும். வாயின் விளிம்பு உள்ளும் வெளியும் சரிவாகச் செதுக்கப்பட்டிருந்தால் யாரோ நீளம் வெட்டியிருக்கிறார்கள். அடி விளிம்பில் இழுகொக்கியின் (உறையைச் சேம்பரிலிருந்து வெளியே இழுக்கும் கொக்கி) கீறல் இரண்டு மூன்று இடத்தில் இருந்தால் அத்தனை தடவை சேம்பருக்குள் போய் வந்திருக்கிறது. சந்தேகமானதைத் தள்ளுபடி விலைக்கு வாங்குவதில் தப்பில்லை, அதைச் சந்தேகமானது என்று தனியாக வைத்தால்.

குத்துவிளக்குக்குப் போடுற மாதிரி புளி போட்டுத் தேய்க்கலாமா? பிராசோ?

புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். மறுநிரப்புபவர்கள் பயன்படுத்துவது எலுமிச்சை உப்பு என்கிற சிட்ரிக் அமிலம். வேலை ஒன்றுதான். ஆனால் புளியின் சக்கையும் நாரும் பிரைமர் குழியிலும் தீத்துளையிலும் அடையும். சிட்ரிக் அமிலமே சுத்தம். எதுவானாலும் நேரம் முக்கியம். ஊறவைத்துத் தூங்கப் போனால் துத்தநாகம் கரைந்து, உறை செம்பு நிறத்தில் ரோஜாச் சாயலாக வெளியே வரும். அப்படியான இடம் பலவீனமானது.

சுழல் டப்பா வைத்திருப்பவர்களுக்கு நிலையான அளவு இது: 2 பவுண்டு உறை, 5 பவுண்டு துருப்பிடிக்காத எஃகு ஊசி, ஒரு கேலன் தண்ணீர், கால் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம், இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம், மூன்று நான்கு மணி நேரம். பிறகு நன்றாக அலசி, ஊசி ஒன்றுகூட உள்ளே தங்காமல் தட்டி, துணியில் பரப்பி ஒரு நாள் காயவிடுங்கள். வாய் கீழே பார்க்க நிறுத்தினால் உள்ளே ஈரம் தங்கும், படுக்கவையுங்கள்.

பிராசோ மாதிரியான பாலிஷ் வேண்டாம், பாட்டிலில் அம்மோனியா என்று இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். இதற்கு நம் மண்ணிலேயே நடந்த பாடம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் ஆங்கிலேயப் படை மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் சேமித்த தோட்டாக்களின் உறைகள் யாரும் தொடாமலே விரிசல் விட்டுக் கிடந்தன. குதிரை மூத்திரத்தின் அம்மோனியாவும் ஈரக் காற்றும் சேர்ந்து, இழுவிசையில் இருந்த பித்தளையைப் பிளந்ததுதான் காரணம் என்று 1921-ல் தெளிவாயிற்று. பளபளப்புக்காக அதே வேலையை நாமே செய்யக் கூடாது.

வீட்டுல சின்னக் குழந்தை இருக்கு. ஈயம்னு பயமுறுத்துறாங்களே?

பயம் நியாயமானது. பெரும்பாலான பிரைமரில் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்டபின் அது கரியோடு உறைக்குள் படிந்திருக்கும். மக்காச்சோளக் கட்டைத் தூளில் உலர்வாக உருட்டும்போது அந்தத் தூளிலேயே கலந்து, மூடியைத் திறந்ததும் தூசியாக எழும். அதனால் உலர் முறை வீட்டுக்கு வெளியே, முகக்கவசத்தோடு மட்டும். ஈர முறையில் தூசி இல்லை, ஆனால் கரும் தண்ணீர் இருக்கிறது. அதைச் சமையலறைத் தொட்டியிலோ தோட்டத்திலோ ஊற்றக் கூடாது. உங்கள் கவுண்டியின் அபாயக் கழிவு மையத்தில் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

சமையல் பாத்திரம், வடிதட்டு, கரண்டி எதையும் இதற்கு எடுத்தபின் திரும்பச் சமையலுக்கு வைக்காதீர்கள். காயவைக்கச் சமையல் அடுப்பும் வேண்டாம். வேலை முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டையை மாற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள்.

எந்த உறையைக் கட்டாயம் தூக்கி எறியணும்?

கழுத்திலோ வாயிலோ விரிசல். உடம்பில் நெடுக்காக விரிசல். பிரைமர் குழியைச் சுற்றிக் கரும்புகை கசிந்த தடம். பச்சைக் களிம்பு சுரண்டினால் பள்ளம் விழுமளவு அரிப்பு. இவற்றுக்கு விவாதமே இல்லை. காதும் உதவும். நாலைந்து உறையைக் கையில் குலுக்கினால் நல்லவை மணி போலக் கணீரென்னும், விரிசல் விட்டது ஓட்டைச் சட்டி போல மந்தமாக ஒலிக்கும்.

கண்ணுக்குத் தெரியாமல் ஏமாற்றுவது அடிச்சுவர்ப் பிளவு. அடியிலிருந்து கால் அங்குலத்துக்குச் சற்று மேலே, உடம்பைச் சுற்றி மெல்லிய பளிச்சென்ற வளையம் தெரிந்தால் அங்கே சுவர் இழுபட்டு மெலிகிறது. காகித கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் கொக்கியாக மடக்கிக் கூராக்கி, உள்ளே விட்டு அடியிலிருந்து மேல்நோக்கி மெல்ல இழுங்கள். நல்ல உறையில் வழுக்கிக்கொண்டு வரும். மெலிந்த உறையில் அந்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளத்தில் தடுக்கும். தடுத்தது ஒன்று என்றாலும் அந்தத் தொகுதி முழுவதையும் சோதியுங்கள். எல்லாம் ஒரே துப்பாக்கியில் ஒரே அளவு இழுபட்டவை.

எறிவதை முதலில் குறடால் வாயை நசுக்கிவிட்டு எறியுங்கள். இல்லையென்றால் அது எப்படியோ மறுபடி நல்ல குவியலுக்கு வந்து சேரும்.

அந்த வளையம் ஏன் வருது? துப்பாக்கி கெட்டுப்போச்சா?

சில நேரம் துப்பாக்கி, பல நேரம் நம் டை. ரைஃபிள் உறையின் தோளை (உடம்பு கழுத்தாகக் குறுகும் சரிவு) தேவைக்கு மேல் கீழே தள்ளிவிட்டால், சேம்பருக்குள் முன்னும் பின்னும் இடைவெளி கிடைக்கும். சுடும்போது முன்பகுதி சுவரோடு ஒட்டிக்கொள்ள, அடி பின்னால் நகர, நடுவே பித்தளை இழுபடும். ஒவ்வொரு முறையும் இதே நடந்தால் மூன்றாம் நான்காம் தடவை இரண்டாகப் பிரியும்.

தோளைத் தள்ளும் அளவு கையால் பூட்டும் ரைஃபிளுக்கு 0.001 முதல் 0.002 அங்குலம், தானே ஏறும் ரைஃபிளுக்கு 0.003 முதல் 0.004 போதும். இதை அளக்கத் தனி அளவுகோல் வேண்டும், உத்தேசம் போதாது. இயந்திரத் துப்பாக்கியில் சுட்ட 7.62 (.308-இன் ராணுவ வடிவம்) உறை முதல் தடவையிலேயே நிறைய இழுபட்டிருக்கும். மலிவாகக் கிடைத்தாலும் புதியவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

9 மி.மீ. உறைக்குள்ள படிக்கட்டு மாதிரி ஒரு திட்டு இருக்கு. அது என்ன?

சில தயாரிப்புகள் உள்சுவரைக் கீழ்ப்பாதியில் திடீரென்று தடிமனாக்கிவிட்டிருக்கின்றன. உள்ளே இடம் குறைவு, அதனால் அதே மருந்துக்கு அழுத்தம் கூடும். குண்டின் அடி அந்தத் திட்டில் முட்டவும் கூடும். திட்டு முடியும் இடத்தில் உறை அறுந்த சம்பவங்களும் உண்டு. டார்ச் அடித்துப் பார்க்கும்போதே தெரிந்துவிடும்: மற்றவற்றில் சுவர் கிண்ணம் போல வளைந்து இறங்கும், இதில் செங்குத்தான விளிம்பு நிற்கும். எந்த முத்திரையானாலும் ஒதுக்குங்கள்.

.223-ம் 5.56-ம் ஒண்ணா? .308-ம் 7.62-ம்?

5.56-ம் 7.62-ம் முறையே .223, .308-இன் ராணுவ வடிவங்கள். உறை என்ற அளவில், வெளி அளவு ஒன்றே. பிரிக்கும்போது வெளியே தெரியும் வேறுபாடு மேலே சொன்ன நசுங்கிய விளிம்பு மட்டும்தான். நிரப்பிய தோட்டாவின் அழுத்தமும் சேம்பரின் தொண்டையும் வேறு. அது உறை பிரிக்கும் கேள்வி அல்ல.

ராணுவ உறை எல்லாமே தடிமன் என்று பலர் சொல்வார்கள். 7.62-ல் அது பெரும்பாலும் சரி. அதே வெளி அளவுள்ள வணிக .308-ஐவிட 10, 20 கிரெய்ன் கூட எடை இருக்கும் (15.4 கிரெய்ன் ஒரு கிராம்). உள்ளே இடம் அந்த அளவு குறைவு, வணிக உறைக்குச் சரிபார்த்த நிரப்பலை இதில் அப்படியே போடக் கூடாது. கையேட்டின் தொடக்க அளவுக்கு இறங்கி மறுபடி ஏற வேண்டும். ஆனால் 5.56-ல் லேக் சிட்டி உறை பல வணிக .223 உறைகளைவிடக் கனமே இல்லை. பொதுவிதியை நம்பாமல் பத்து உறையைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

எடை போட்டுப் பிரிச்சா குறி நல்லா விழுமா?

எடை வேண்டியது எடைக்காக அல்ல, உள்கொள்ளளவுக்காக. வெளி அளவு ஒன்றாக இருந்தால், கனமான உறைக்குள் இடம் குறைவு. பித்தளை தண்ணீரைப் போல எட்டரை மடங்கு கனம், ஆகவே எடையில் 8.5 கிரெய்ன் வித்தியாசம் என்றால் உள்ளே 1 கிரெய்ன் தண்ணீர் அளவு இடம்தான் மாறும். ஏறக்குறைய 56 கிரெய்ன் தண்ணீர் பிடிக்கும் .308-க்கு, ஒரே தொகுதிக்குள் வரும் ஓரிரு கிரெய்ன் எடை வேறுபாடு ஒன்றுமே இல்லை.

அதோடு அந்த வேறுபாடு அடி விளிம்பிலோ கொக்கிப் பள்ளத்திலோ இருக்கலாம், கொள்ளளவுக்குத் தொடர்பே இல்லாமல். அதனால் எங்கள் கருத்து: முத்திரையும் தொகுதியும் பிரித்தாலே பெரும்பகுதி லாபம் வந்துவிடும். எடை பார்ப்பது கூட்டத்தில் சேராத ஒன்றிரண்டை ஒதுக்குவதற்கு. நூறில் தொண்ணூற்றைந்து ஒரு பக்கம் நின்று ஐந்து தள்ளி நின்றால், அந்த ஐந்தையும் துப்பாக்கியைச் சரிபார்க்கும் பழகுசுடலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எடை போடுவது அளவுப்படுத்தி, நீளம் வெட்டி, சுத்தம் செய்தபிறகுதான். முன்னால் போட்டால் கரியையும் நீளத்தையும்தான் எடை போடுகிறீர்கள்.

கைத்துப்பாக்கிக்கும் இவ்வளவு பாடுபடணுமா?

வேண்டாம். பத்து இருபது மீட்டரில் காகிதத்தைச் சுடும் 9 மி.மீ.க்கு, நடுத்தர நிரப்பலில், முத்திரை கலந்திருந்தாலும் கையில் வித்தியாசம் தெரியாது. வகை, பிரைமர் அளவு, நசுங்கிய விளிம்பு, உள்திட்டு, விரிசல் ஆகிய ஐந்தும் பார்த்தால் போதும். உச்ச அளவுக்கு அருகில் நிரப்புபவர்களும் போட்டிக்காரர்களும் மட்டும் முத்திரை பிரியுங்கள்.

நீளம் வெட்டுவதும் அப்படித்தான். நேர் உடம்புள்ள கைத்துப்பாக்கி உறை சுடச் சுட நீளாது, லேசாகக் குறையத்தான் செய்யும். கழுத்துள்ள ரைஃபிள் உறைதான் முன்னோக்கி வழிந்து நீளும். .223 உச்ச நீளம் 1.760 அங்குலம், வெட்டும் அளவு 1.750; .308-க்கு 2.015, 2.005. உச்சத்தைத் தாண்டினால் வாய் சேம்பரின் முனையில் நெருக்குண்டு குண்டை விடாமல் பிடிக்கும், அழுத்தம் எகிறும். அளப்பது டையில் போட்டு எடுத்த பிறகு, ஏனென்றால் டையே உறையை நீட்டுகிறது.

ஒரு உறை எத்தனை தடவை வரும்?

அழுத்தம்தான் கணக்கு. .38 ஸ்பெஷல் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, .45 ஏ.சி.பி. 21,000, 9 மி.மீ. 35,000, .223 ரெமிங்டன் 55,000, .308 வின்செஸ்டர் 62,000 வரை. முதல் இரண்டும் தொலைந்து போகும்வரை உழைக்கும் என்றே சொல்லலாம். ரைஃபிள் உறை ஐந்திலிருந்து பத்து தடவை என்று எதிர்பாருங்கள். எண்ணிக்கையைவிட அறிகுறி முக்கியம். புதுப் பிரைமர் எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிப் போனால் குழி தளர்ந்துவிட்டது, அதற்கு மருந்தில்லை.

கழுத்து விரிசலைத் தள்ளிப்போட வழி உண்டு. பாத்திரம் அடிப்பவர்கள் பித்தளைத் தகட்டைத் தட்டத் தட்ட அது இறுகும், நடுவில் நெருப்பில் காட்டி இளக்கிவிட்டு மறுபடி தட்டுவார்கள். அதே கதை இங்கேயும். விரிந்து சுருங்கி இறுகிய கழுத்தையும் தோளையும் மட்டும் சில நொடி சூடேற்றி இளக்கலாம். அடிப்பகுதி எக்காரணம் கொண்டும் சூடாகக் கூடாது. இளகிய அடி அழுத்தத்தைத் தாங்காது, அந்த உறை துப்பாக்கியையும் முகத்தையும் ஆபத்தில் விடும். அடி சூடானதா என்று சந்தேகம் வந்தாலே நசுக்கி எறியுங்கள்.

பிரிச்சதை எப்படி வைக்கிறது? ரெண்டு மாசத்துல எல்லாம் மறந்துபோகுதே?

ஐம்பது அல்லது நூறு உறை ஒரு டப்பா. மேலே ஒரு சீட்டு: வகை, முத்திரை, எங்கிருந்து வந்தது, எத்தனை தடவை நிரப்பியது, விளிம்பு சீவியதா, கடைசியாக எப்போது நீளம் வெட்டியது. ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் ஒரு கோடு போடுங்கள். ரேஞ்சில் ஐம்பது கொண்டுபோய் நாற்பத்தெட்டு திரும்பினால் நாற்பத்தெட்டு என்றே எழுதுங்கள். பக்கத்தில் கிடந்த இரண்டைப் போட்டு ஐம்பதாக்கினால் அந்த டப்பாவின் வரலாறே போயிற்று. வேறு யாராவது அதே முத்திரையைச் சுடும் நாளில், உங்கள் உறைகளின் அடியில் நிரந்தரப் பேனாவால் ஒரு கோடு இழுத்துக்கொண்டு போனால் பொறுக்கும்போது குழப்பம் வராது.

லீவுக்கு ஊருக்குப் போறேன். பசங்களுக்குக் காட்ட காலி உறை ரெண்டு எடுத்துட்டுப் போகலாமா?

வேண்டவே வேண்டாம். இந்திய விமான நிலையத்தில் காலி உறை ஒன்று பையில் சிக்கினாலும் விசாரணை, வாக்குமூலம், காவல் நிலையம் என்று பயணமே குலையும். இரண்டாவது கேள்வியில் சொன்ன சட்டம் அங்கே உங்களுக்கும் பொருந்தும்.

தெரிந்தே எடுத்துப் போகிறவர்கள் குறைவு. தெரியாமல் போவதுதான் அதிகம். ரேஞ்சுக்குப் போகும் பையையே பயணப் பையாகவும் வைத்திருந்தால், தையல் மடிப்பில், பக்கப் பையில், ஷூவின் பள்ளத்தில்கூட ஓர் உறை ஒளிந்திருக்கும். ஜீன்ஸைத் துவைக்கும்போது பையைத் திருப்பிப் பாருங்கள், பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுங்கள். இரண்டு வேலைக்கும் இரண்டு பை வைத்துக்கொண்டால் இந்தத் தேடலே தேவைப்படாது.